பள்ளிக்கூடமும் வீடும்: திருகோணமலைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை நகரத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் வகுப்பாசிரியராக வேலை செய்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் சந்தையிலோ பஸ்ஸிலோ கண்டால் பெற்றோர் பிள்ளைகளின் பள்ளிக்கூட விஷயங்களைக் கேட்பார்கள். இளம் ஆசிரியர்களும் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நம் மாவட்டத்து அரச தமிழ்மொழிப் பாடசாலைகளை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

பிள்ளையைச் சேர்த்துவிட்டோம். படிப்பிப்பது ஆசிரியரின் வேலை. நாங்கள் எதற்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும்?

படிப்பிப்பது ஆசிரியரின் வேலைதான். ஆனால் பள்ளிக்கூடம் காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடிந்துவிடுகிறது. மிச்ச நேரமெல்லாம் பிள்ளை உங்களோடு. வகுப்பில் ஏன் தூங்கி வழிகிறான், ஏன் திடீரென்று கதையைக் குறைத்துவிட்டாள் என்பதற்கு வீட்டில் காரணம் இருக்கலாம். வீட்டில் கணிதக் கொப்பியைக் கண்டாலே ஏன் அழுகிறாள் என்பதற்கு வகுப்பில் காரணம் இருக்கலாம். இரண்டு பக்கமும் கதைக்காவிட்டால் அந்தக் காரணம் யாருக்கும் பிடிபடாது. பிள்ளையே வந்து சொல்லும் என்று காத்திருக்க முடியாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வார்த்தை வராது, பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல மனம் வராது.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஜோய்ஸ் எப்ஸ்டைன் பெற்றோரின் பங்கை ஆறாகப் பிரித்துச் சொல்கிறார்: பிள்ளையை வளர்க்கும் விதம், பள்ளிக்கூடத்தோடு தொடர்பு, தொண்டு வேலை, வீட்டில் படிப்புக்குத் துணை, முடிவெடுப்பதில் பங்கு, ஊரோடு சேர்ந்து செயற்படுவது. நம் ஊரில் பெற்றோர் பங்கு என்றதும் சிரமதானமும் காசும்தான் நினைவுக்கு வருகின்றன. மற்றவற்றையும் எடுத்துக்கொண்டால்தான் பிள்ளைக்குப் பலன்.

பள்ளிக்கூடம் அரசாங்கத்தினுடையது. அதில் எங்களுக்கு என்ன உரிமை?

நம் நகரத்துப் பழைய பள்ளிக்கூடங்களை யார் தொடங்கினார்கள் என்று பாருங்கள். ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியை 1923இல் தொடங்கியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற அம்மையார். பெண் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று அந்தக் காலத்திலேயே நினைத்த ஒருவர். மற்றப் பள்ளிக்கூடங்களில் சிலதை மெதடிஸ்தரும் கத்தோலிக்கத் துறவிகளும் நடத்தினார்கள். இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் வளர்த்தது, சுவாமி விபுலாநந்தர் அதற்காக உழைத்தார். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகுதான், அரசின் உதவிப்பணத்தோடு இப்படி மற்றவர்கள் நடத்திய "உதவி பெறும்" பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது.

அரசு எடுத்தது நல்லதுதான், ஏழைப் பிள்ளைக்கும் வாசல் திறந்தது. ஆனால் அதோடு "அது அரசாங்கத்தின் பாடு" என்று ஊர் கையை எடுத்துக்கொண்டது. எனக்கு இதில் இன்றுவரை வருத்தம் உண்டு. பள்ளிக்கூடம் உங்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. உங்கள் பிள்ளை அங்கே இருக்கிறது. வாசலில் தயங்கி நிற்கவேண்டிய ஆள் நீங்கள் இல்லை.

முதலில் யாரைச் சந்திப்பது? அதிபரையா?

வகுப்பாசிரியரை. அதுவும் பிரச்சினை எதுவும் வருவதற்கு முன்னால்.

நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இதுதான். நம் பள்ளிக்கூடங்களில் பெற்றோரும் ஆசிரியரும் முதன்முதலாக முகம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு முறைப்பாட்டின் போதுதான். பிள்ளை அடிபட்டுவிட்டது, கொப்பி எழுதவில்லை, புள்ளி விழுந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று. அப்போது இருவருமே கோபத்தில் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் தெரியாது. அந்த இடத்தில் நல்ல கதை எப்படி வரும்? முதலாம் தவணை தொடங்கிய கையோடு ஒரு நாள் போய், "நான் இந்தப் பிள்ளையின் அம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தில் ஆசிரியருக்குத் தெரியவேண்டியதைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறதா, கண் பார்வை குறைவா, காது சரியாகக் கேட்காதா, வீட்டில் அண்மையில் சாவு நடந்ததா, அப்பா பிரிந்து இருக்கிறாரா, யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம், யார் வந்தால் அனுப்பக் கூடாது. இதையெல்லாம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். தெரிந்திருந்தால் ஆசிரியர் பிள்ளையை வேறு விதமாகப் பார்ப்பார்.

காலை மணி அடிக்கும் நேரத்தில் போகாதீர்கள். அந்த நேரம் ஆசிரியருக்கு இடாப்பு, காலைக் கூட்டம், அழும் பிள்ளை என்று நூறு வேலை இருக்கும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அல்லது அவருக்கு ஓய்வான பாடவேளையில் வரலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வகுப்பாசிரியரிடம் தீராத விஷயம் என்றால் பகுதித் தலைவர், பிறகு பிரதி அதிபர், அதிபர். அதற்கும் மேலே கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர். ஒரேயடியாக வலயத்துக்குப் பாய்ந்தால் கடிதம் திரும்ப அதே அதிபரின் மேசைக்குத்தான் வரும். இடையில் உறவு கெட்டுப்போவதுதான் மிச்சம்.

பெற்றோர் கூட்டத்தில் என்ன கேட்பது?

"வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்ற ஒரு கேள்வியைத் தவிர வேறு எதையும் கேட்கலாம்! அது தேர்ச்சி அறிக்கையிலேயே எழுதியிருக்கும். மற்றவர்களின் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் ஏறும், இறங்கும். உங்கள் பிள்ளைக்கு என்ன விளங்கியது, என்ன விளங்கவில்லை என்பதை அது சொல்லாது.

எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று கேளுங்கள். வகுப்பில் வாய் திறந்து கேள்வி கேட்கிறாளா, யாரோடு சேர்ந்து திரிகிறாள், இடைவேளையில் சாப்பிடுகிறாளா என்றும் கேளுங்கள். போகும்போது, "வீட்டில் நான் செய்யக்கூடிய ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒன்று போதும், பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் நடக்காது. அடுத்த கூட்டத்தில், "நீங்கள் சொன்னதைச் செய்தோம் ரீச்சர், இப்போது எப்படி?" என்று தொடருங்கள். அப்படிக் கேட்கும் தாயின் பிள்ளையை எந்த ஆசிரியரும் மறக்கமாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போதைய பாடம் ஒன்றும் விளங்காது. நான் எப்படி உதவுவது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். குரலைத் தாழ்த்தவேண்டியதே இல்லை.

பாடம் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை அல்ல. இங்கிலாந்தில் 2003இல் சார்ள்ஸ் டெஸ்போர்ஜஸ் என்பவர் அரசாங்கத்துக்காகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். சின்ன வயதுப் பிள்ளைகளின் தேர்ச்சியில் பெற்றோர் வீட்டில் பிள்ளையோடு எப்படி இருக்கிறார்கள் என்பதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது அதில் தெரிந்தது. பிள்ளையோடு கதைப்பது, ஆசையாகக் கேட்பது, உன்னால் முடியும் என்று நம்புவது, இவைதான் அதில் முக்கியம். பள்ளிக்கூடத்துக்கு எத்தனை முறை வந்து போனீர்கள் என்பது அந்த அளவுக்கு இல்லை.

ஆகவே இப்படிச் செய்யலாம். பிள்ளையை வாசிக்கச் சொல்லி, நீங்கள் மீன் வெட்டிக்கொண்டோ தேங்காய் துருவிக்கொண்டோ கேளுங்கள். வாசித்து முடிந்ததும், "எனக்கு விளங்கவில்லை, நீ சொல்லு பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தான் படித்ததை அம்மாவுக்கு விளங்கப்படுத்தும் பிள்ளைக்கு அந்தப் பாடம் மனதில் நிற்கும். கொப்பியைத் திறந்து திகதியைப் பாருங்கள். இரண்டு கிழமையாக எழுதாத கொப்பி, திருத்தப்படாத பக்கம், அழித்து அழித்து எழுதிய இடம் எல்லாம் எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். அதைக் கொண்டுபோய் ரீச்சரிடம் காட்டலாம். நேரத்துக்குத் தூங்கவைப்பதும், காலையில் ஏதாவது சாப்பிடவைத்து அனுப்புவதும் படிப்புக்குச் செய்யும் உதவிதான்.

இன்னொன்று. ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடம் இருக்கிறது. மழை, காற்று, கடல், பயிர், ஊரில் மனிதர் செய்யும் தொழில்கள் எல்லாம் அதில் வரும். வலை பொத்தும் ஒரு அப்பா, தம்பலகாமத்தில் வயல் செய்யும் ஒரு தாத்தா, வீட்டில் பாய் இழைக்கும் ஒரு பாட்டி வகுப்புக்கு வந்து அரை மணி நேரம் கதைத்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை. ஆசிரியர்கள் இதைக் கேட்டுப் பெறவேண்டும். வகுப்புக்கு வந்து கதைத்த அப்பாவின் பிள்ளை அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூட்டம் எப்போதும் வேலை நாளில் காலை பத்து மணிக்கு. கணவர் கடலுக்குப் போகிறவர், நான் கூலி வேலை. எப்படி வருவது?

இது பெற்றோரின் பிழை இல்லை, பள்ளிக்கூடம் திருத்தவேண்டிய விஷயம்.

இரவு கடலுக்குப் போனவர் விடிந்ததும் கரைக்கு வருகிறார். மீன் விலைப்பட்டு, வலை கழுவி, வீட்டுக்கு வந்து கண்மூடும் நேரம்தான் பத்து மணி. நாட்கூலிக்குப் போகும் அம்மா கூட்டத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் இல்லை. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் பெரும்போக அறுவடை முதலாம் தவணையில் வரும், வயலில் நிற்கிறவரை மண்டபத்துக்கு வரச் சொன்னால் வரமாட்டார். பிறகு "இந்தப் பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று கூட்ட அறிக்கையில் எழுதுகிறோம். அப்படி எழுதுவது நியாயமே இல்லை.

வருடத் தொடக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் ஒரு கேள்வி கேட்டு அனுப்பலாம்: எந்த நாள், எந்த நேரம் உங்களுக்கு வசதி? பதில் ஊருக்கு ஊர் வேறுபடும். மீனவக் கிராமத்தில் பின்னேரம் நாலு மணி பொருந்தலாம். முஸ்லிம் பெற்றோருக்கு வெள்ளிக்கிழமை மதியம் சரிவராது, நோன்பு காலத்தில் பின்னேரமும் கஷ்டம். தூரத்துக் கிராமத்திலிருந்து பிள்ளைகள் வந்தால், ஆசிரியர் இரண்டு பேர் அந்தக் கிராமத்து வாசிகசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போய் அங்கேயே கூட்டம் வைக்கலாம். இருபது பேர் பஸ் ஏறி வருவதைவிட இரண்டு பேர் போவது சுகம்.

நீங்களும் ஒன்று செய்யலாம். வரமுடியாத நாளில் முன்கூட்டியே ஒரு சின்னக் கடிதமோ தொலைபேசி அழைப்போ கொடுத்து, வேறு நேரம் கேளுங்கள். அம்மாவால் முடியாவிட்டால் அம்மம்மா, பெரிய அக்கா, மாமா யாரும் போகலாம். அப்பாமாரும் வாருங்கள். கூட்டம் என்றால் அம்மாக்களின் வேலை என்று இந்த மாவட்டம் முழுவதும் ஒரு பழக்கம் இருக்கிறது. அப்பாவும் ஒரு நாள் வகுப்பு வாசலில் வந்து நின்றால் பிள்ளை அதைக் கவனிக்கும்.

மகள் குவைத்தில் வேலை செய்கிறாள். பேரப்பிள்ளைகளை நான்தான் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் அம்மாவைத்தான் கேட்கிறது.

அம்மம்மா, முதலில் பாதுகாவலர் நீங்கள்தான் என்று எழுத்தில் கொடுத்துப் பதியச் செய்யுங்கள். மகள் ஊருக்கு வரும்போது ஒரு தடவை உங்களோடு வந்து அதிபரையும் வகுப்பாசிரியரையும் சந்தித்துச் சொல்லிவிட்டுப் போவது இன்னும் நல்லது.

ஆனால் அம்மா தூரத்தில் இருந்தாலும் அம்மாதான். குவைத்தும் சவூதியும் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியவை. இங்கே இரவு எட்டு மணிக்குப் பிள்ளை படிக்கும்போது அங்கே மாலை ஐந்தரை. வேலைவீட்டில் எப்போது போன் எடுக்க முடியும் என்பதைக் கேட்டு, அந்த நேரத்தில் பிள்ளை இன்றைக்கு என்ன படித்தது என்று கதைக்கப் பழக்குங்கள். "காசு வந்ததா, சாப்பிட்டியா" என்பதோடு கதை முடியவேண்டாம். வகுப்பாசிரியர் தேர்ச்சி அறிக்கையை ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினால் அந்தத் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுப்பிப் பார்த்த ஆசிரியருக்குத் தெரியும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எங்களுக்கு இடம் உண்டா?

பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தால் நீங்களும் அங்கத்தவர்தான். அதிபர் தலைவராக இருப்பார், ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்ததுதான் சங்கம். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் செயற்குழுவைத் தெரிவு செய்வார்கள். அன்றைக்குப் போகாமல் விட்டுவிட்டுப் பிறகு "அதே நாலு பேர்தான் எப்போதும்" என்று சொல்லிப் பயனில்லை.

சங்கக் கூட்டங்களில் மதிலும் நுழைவாயிலும் மேடையும்தான் அதிகம் பேசப்படுகின்றன. என்னைக் கேட்டால், முதலில் பேசவேண்டியது மலசலகூடமும் குடிதண்ணீரும். கதவு பூட்டாத, தண்ணீர் வராத மலசலகூடத்தால் வளர்ந்த பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாட்கள் வீட்டில் நின்றுவிடுகிறார்கள். அதை ஆண்கள் நிறைந்த குழுவில் யாரும் எழுப்புவதில்லை. குழுவில் அம்மாக்கள் இருக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும். அடுத்தது வரவு: எந்த மாதத்தில் பிள்ளைகள் அதிகம் வராமல் நிற்கிறார்கள், ஏன்? மூன்றாவது வாசிப்பு: நாலாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? மதில் பிறகு கட்டலாம்.

அடிக்கடி காசு கேட்கிறார்கள். கொடுக்க முடியவில்லை.

இலவசக் கல்வி 1945இலிருந்து நம் நாட்டில் இருக்கிறது, சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயர் அதோடு சேர்ந்தே வரும். பாடநூல் இலவசம், சீருடைக்கும் அரசு கொடுக்கிறது. காசு கொடுக்கவில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் வகுப்பில் எழுப்பி நிற்கவைக்கவோ, பரீட்சைக்கு இருத்தாமல் விடவோ கூடாது.

முடியாவிட்டால் நேரடியாக அதிபரிடமோ வகுப்பாசிரியரிடமோ தனியாகச் சொல்லுங்கள். காசு பாக்கி இருக்கிறது என்ற வெட்கத்தில் பெற்றோர் கூட்டத்துக்கே வராமல் விடுகிறவர்கள் நிறையப் பேர், அதுதான் பெரிய நட்டம். கொடுப்பதாக இருந்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கணக்கைப் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். கேட்டும் காட்டாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்க எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு. ஆனால் நல்ல அதிபர் அந்த அளவுக்குப் போகவிடமாட்டார், கணக்கை எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுவார்.

ஆசிரியர் பிள்ளையை அடித்துவிட்டார். என்ன செய்வது?

பாடசாலையில் உடல் தண்டனை கூடாது. கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே "கொஞ்சம் அடித்தால் என்ன" என்ற கதைக்கே இடமில்லை.

முதலில் பிள்ளையைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். காயம் இருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். பிறகு அதிபரிடம் போய் நடந்ததை நிதானமாகச் சொல்லி, எழுத்திலும் கொடுத்து, சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பிள்ளைக்கு முன்னால் ஆசிரியரோடு சண்டை பிடிக்கவேண்டாம், மறுநாள் அந்த வகுப்பில் இருக்கப்போவது பிள்ளைதான். கடுமையான காயம், திரும்பத் திரும்ப நடப்பது, பாலியல் தொல்லை போன்றவை என்றால் அதிபரின் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பொலிஸிலும், பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கோ சேர்" என்று பிள்ளையை ஒப்படைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த வார்த்தையைப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்கிறது. நாளைக்கு யாராவது அதற்குக் கொடுமை செய்தால், வீட்டில் சொல்லி என்ன பயன் என்று நினைத்துவிடும்.

ஒன்பதாம் வகுப்பு மகன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான்.

2016இலிருந்து 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. முன்பு 14 வயது வரைதான் இருந்தது. சட்டத்தைச் சொல்லி அவனை இழுத்துக்கொண்டு போகலாம், ஆனால் உட்காரவைக்க முடியாது. ஏன் என்று கண்டுபிடிக்கவேண்டும்.

நான் பார்த்தவரை, இந்த வயதில் நிற்கிற பையன்களில் பலருக்கு அடிப்படைக் காரணம் வாசிக்க வராதது. சின்ன வகுப்பில் விட்ட எழுத்து, பெரிய வகுப்பில் வெட்கமாக வளர்ந்துவிடுகிறது. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொல்வார்களோ என்ற பயத்தைவிடக் கடலுக்குப் போவது அவனுக்குச் சுகம், கையில் காசும் வரும். இதை வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லி, எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லாமல் மெல்லப் பழக்க முடியுமா என்று கேளுங்கள். வழிகாட்டல் ஆலோசனைக்கு ஆசிரியர் இருந்தால் அவரையும் சந்தியுங்கள்.

படிப்பு என்றால் டாக்டர், இன்ஜினியர் மட்டும்தான் என்று அவன் நினைக்கிறானா என்றும் பாருங்கள். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழில்சார் பாடங்களோடு உயர்தரத்தைத் தொடரலாம். தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில்தான் இருக்கிறது, எங்கே என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஆசிரியர்களே, பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தால் அவன் படகில் ஏறியிருப்பான்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வீட்டில் எவ்வளவு நெருக்கவேண்டும்?

நெருக்கவே வேண்டாம். அந்தப் பரீட்சையின் நோக்கம் இரண்டு: வசதி குறைந்த பிள்ளைக்கு உதவித் தொகை, பெரிய பாடசாலைகளில் ஆறாம் வகுப்புக்கு அனுமதி. 200 புள்ளிக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை வாங்கியதை வைத்து அதன் வாழ்க்கையை முடிவு கட்டாதீர்கள். வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளையை ஊரார் முன்னால் ஒப்பிட்டுப் பேசும் பெற்றோருக்கும், சித்தியடைந்தவர்களின் படத்தை மட்டும் பதாகையில் போடும் பள்ளிக்கூடங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பள்ளிக்கூடம் விட்டு நேரே ரியூசன், ரியூசன் விட்டு இன்னொரு ரியூசன் என்று ஓடும் பிள்ளைக்கு விளையாட ஒரு மணி நேரம் கொடுங்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழு எப்போதும் சண்டையாக இருக்கிறது.

குழுவை அறிவித்தலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் புள்ளியையோ குறும்பையோ குழுவில் போடக் கூடாது, ஆசிரியரானாலும் பெற்றோரானாலும். குறை இருந்தால் தனியாக எழுதலாம், நேரில் பேசினால் இன்னும் நல்லது. இரவு எட்டு மணிக்குப் பிறகு ஆசிரியருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று நினையுங்கள். நல்ல போன் இல்லாத வீடுகளுக்கு அதே அறிவித்தல் கொப்பியில் எழுதிப் போகவேண்டும். இல்லாவிட்டால் மிக ஏழைப் பிள்ளைக்குத்தான் எல்லாம் கடைசியாகத் தெரியவரும்.

கணிதத்துக்கு ஆசிரியரே இல்லை. வாசலைப் பூட்டிப் போராடலாமா?

வாசலைப் பூட்டினால் இருக்கிற பாடமும் இல்லாமல் போகும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் உங்கள் பாடசாலை தேசிய பாடசாலையா, மாகாணப் பாடசாலையா என்று பாருங்கள். தேசிய பாடசாலைக்கு மத்திய கல்வி அமைச்சு பொறுப்பு. மாகாணப் பாடசாலை என்றால் வலயம், அதற்கு மேல் மாகாணக் கல்வித் திணைக்களம். கிழக்கு மாகாணத்துக்கு அது நம் திருகோணமலையிலேயே இருக்கிறது, மட்டக்களப்பாரும் அம்பாறையாரும் பஸ் ஏறி வரவேண்டிய இடம் நமக்குப் பக்கத்தில். அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில், எந்த வகுப்புக்கு எத்தனை மாதமாக எத்தனை பாடவேளை நடக்கவில்லை என்று கணக்கோடு எழுதிக் கொடுங்கள். "ஆசிரியர் இல்லை" என்ற பொதுக் கடிதத்தை விடக் கணக்குள்ள கடிதத்தைத் தள்ளிவைப்பது கஷ்டம். பிரதியில் கிடைத்த திகதியோடு முத்திரை வாங்குங்கள்.

என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலப் படிக்கவில்லை. குறைபாடு ஏதும் இருக்குமோ என்று பயம்.

பயத்தை மூடிவைக்காமல் கண், காது இரண்டையும் முதலில் சோதியுங்கள். பின் வாங்கில் இருக்கும் பிள்ளைக்குப் பலகை தெரியாததை "மந்தம்" என்று நாங்களே பெயர் சூட்டிவிடுகிறோம். 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில் சுகாதாரப் பகுதியினர் பாடசாலை மருத்துவப் பரிசோதனை செய்வார்கள், அன்றைக்கு நீங்களும் போய் நில்லுங்கள். சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகு இருக்கிறது, வலயத்தில் அதற்குப் பொறுப்பான அலுவலரிடம் கேட்கலாம். குறைபாடு உள்ள பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் உண்டு. இடமில்லை என்று வாயால் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

(ஓர் ஆசிரியர் கேட்டது) எத்தனை முறை அழைத்தாலும் பெற்றோர் வருவதில்லை. என்ன செய்வது?

எதற்காக அழைத்தீர்கள் என்று பாருங்கள். காசுக்கும் முறைப்பாட்டுக்கும் மட்டும் அழைத்திருந்தால் வராததில் ஆச்சரியம் இல்லை. நமது கடிதம் கண்டாலே வீட்டில் பயம் பிடிக்கிறது.

ஒரு நல்ல செய்தியோடு தொடங்குங்கள். ஒவ்வொரு கிழமையும் ஐந்து பிள்ளைகளைத் தெரிவு செய்து வீட்டுக்கு ஒரு அழைப்பு: "உங்கள் மகள் இன்றைக்குத் தானாகவே முன்வந்து கதை சொன்னாள்." அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவேண்டாம். மறுமுனையில் சில நொடிகள் பேச்சே வராது. அதற்குப் பிறகு நீங்கள் அழைத்தால் அந்தத் தாய் வருவா.

வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள். நீங்கள் கதிரையில், தாய் கைகட்டி நின்றபடி என்ற காட்சி நம் பள்ளிக்கூடங்களில் இன்னும் இருக்கிறது. கூட்டத்தில் புள்ளிகளை எல்லோர் முன்னாலும் வாசிக்காதீர்கள். கடைசிப் பிள்ளையின் அம்மா அடுத்த தவணை வரவே மாட்டா. உங்களிடம் கேள்வி இருந்தால் கேளுங்கள்: "இவன் வீட்டில் எதைச் செய்யும்போது சந்தோஷமாக இருப்பான்?" பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைப் பெற்றோர் சொல்வார்கள். சம்பூர்ப் பக்கம் 2006இல் போரால் இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வயதில் பள்ளிக்கூடம் தவறிப்போனவர்கள் இன்று பெற்றோர். பள்ளிக்கூட வாசலில் அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது தெரிந்தால் நமக்குக் கோபம் வராது.

நல்ல வகுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றுப் போகிறா. தடுக்க முடியாதா?

பெரும்பாலும் முடியாது, அவவுக்கும் குடும்பம் இருக்கிறது, கஷ்டப் பிரதேசத்தில் காலத்தை முடித்திருப்பா. அதற்காகக் கையெழுத்து வேட்டை நடத்துவதைவிட வேறொன்றைக் கேளுங்கள். போகுமுன் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் நாலு வரி எழுதி அடுத்த ஆசிரியருக்குக் கொடுக்கச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள்: எந்தப் பாடத்தில் நிற்கிறது, என்ன நோய் இருக்கிறது, வீட்டில் யாரோடு கதைக்கவேண்டும். ஒரு கொப்பி போதும். அது இல்லாவிட்டால் புதியவருக்கு எல்லாம் பிடிபட ஒரு தவணை போய்விடும்.